காணாமல் போனவர்கள் அல்ல, காணாமல் ஆக்கப்பட்டவர்கள்

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் உள்நாட்டுப் போரில் தொலைந்த குழந்தைகளுக்காக மார்ச் 29ஐ அரசே நினைவு நாளாக அறிவித்ததைப் பாராட்டி எழுதியிருக்கிறீர்கள். நல்ல கட்டுரை. ஆனால் 'அறிவித்தது' என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். அந்த நாள் தானாக வரவில்லை. 2005இல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம், செர்ரானோ க்ரூஸ் சகோதரிகள் வழக்கில் இப்படி ஒரு நாளைக் குறிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான், 2007இல், நாடாளுமன்றம் அசைந்தது.

அந்தச் சகோதரிகளில் ஒருத்திக்கு 7 வயது, மற்றவளுக்கு 3. 1982 ஜூனில் சலாடெனாங்கோ பகுதியில் ராணுவம் சுற்றி வளைத்தபோது அப்பாவோடு ஒளிந்திருந்தார்கள். அப்பா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் பிள்ளைகள் அழ, ராணுவத்தினர் கண்டுபிடித்துவிட்டார்கள். பக்கத்தில் வேறு மறைவில் இருந்த அக்காவின் காதில் எல்லாம் விழுந்தது. கைக்குழந்தையோடு இருந்த அவரால் வாய் திறக்க முடியவில்லை. அப்புறம் அம்மா வருடக்கணக்கில் தேடி அலைந்தார்.

இன்னொன்று. 'காணாமல் போன' என்றே கட்டுரை முழுக்க எழுதியிருக்கிறீர்கள். சந்தையில் அம்மாவின் கையை விட்டு வழி தவறிய குழந்தைக்கு அது சரி. இவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தயவுசெய்து 'காணாமல் ஆக்கப்பட்ட' என்று திருத்துங்கள்.

நாள் வேண்டும்தான். ஆனால் அந்தத் தாய்மார்கள் முதலில் கேட்டது ராணுவத்தின் பழைய பதிவேடுகளை. இந்தப் பிள்ளைகளைத் தேடுவதற்காகவே 1994இல் தொடங்கிய புரோ-புஸ்கேதா அமைப்பு, மரபணுச் சோதனை வழியாகப் பல பிள்ளைகளைக் கண்டுபிடித்தது. வேறு நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டு, வேறு பெயரில், வேறு மொழி பேசி வளர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. பதிவேடுகளைத் திறந்தால் இன்னும் எத்தனை பேர் கிடைப்பார்களோ. அதைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதுங்கள்.