பயிற்சி சொல்லிக்கொடுக்க டாக்டர் பட்டமா?

அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் ஆக டி.பி.டி. என்ற டாக்டர் பட்டம் வேண்டும் என்றதும் பலரும் கேட்பது இதைத்தான்: “காலை நீட்டு, மடக்கு என்று சொல்ல எதற்கு இவ்வளவு படிப்பு?” கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர், “கெண்டைக்கால் வலிக்கிறது, கொஞ்சம் அமுக்கிவிடுங்கள்” என்கிறார். வெறும் தசைப்பிடிப்பாக இருக்கலாம். உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தும் இருக்கலாம். அப்படியிருந்து அமுக்கினால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே வாங்கிவிடலாம். படித்தவர் உடனே அமுக்க மாட்டார். டேப்பை எடுத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து 10 செ.மீ. இறக்கி, இரண்டு கால்களின் சுற்றளவையும் பார்ப்பார். வலிக்கிற கால் 3 செ.மீ.க்கு மேல் பருத்திருந்தால் சந்தேகம் கூடும். புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறதா, முன்பு இப்படி உறைந்திருக்கிறதா என்றும் கேட்பார். அப்புறம் பயிற்சியை நிறுத்தி ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவார்.

இடுப்பு வலியும் அப்படித்தான். தொடையிடுக்கு மரத்து, சிறுநீரும் கட்டுப்படவில்லை என்றால் அது பயிற்சிக்கான நேரமே இல்லை. அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அங்கே 50 மாநிலங்களிலும், ஓரளவுக்காவது, டாக்டர் சீட்டு இல்லாமல் நேராகப் பிசியோதெரபிஸ்ட்டிடம் போகலாம். இதையெல்லாம் கண்டுபிடிக்க வேண்டிய முதல் ஆளே அவராக இருக்கலாம். அதனால்தான் பெரும்பாலும் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு இன்னும் 3 வருடம் படிக்க வைக்கிறார்கள். கல்லூரிக்கு கேப்டி, அதாவது பிசியோதெரபி படிப்புகளைத் தரம் பார்க்கும் அமைப்பின், அங்கீகாரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமம் வாங்கும் வழி அங்கேயே சிக்கிவிடும். சேர்வதற்கு முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படித்தால் மட்டும் போதாது. உரிமத்துக்கான என்.பி.டி.இ. என்ற தேசியத் தேர்வில் 800க்கு 600 வாங்க வேண்டும். 12 மாதத்தில் 3 முறை, வாழ்நாளில் 6 முறைதான் எழுத முடியும். கடுமைதான், ஆனால் நோயாளி பக்கம் நின்று பார்த்தால் எனக்கு இது நியாயமாகவே படுகிறது. உரிமத்தைத் தருவது அந்தந்த மாநில வாரியம். உங்களுக்குச் சிகிச்சை தருபவரின் உரிமம் செல்லுபடியாகிறதா என்று வாரியத்தின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். கேட்கத் தயங்காதீர்கள்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், கட்டணம் அநியாயம். பட்டத்தோடு பெரிய கடனையும் சேர்த்துத்தான் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். அதைக் குறைக்கச் சொல்லிக் குரல் கொடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் படிக்கும்போதே நோயாளிகளோடு பழகும் 30 வார முழுநேரப் பயிற்சியில் ஒரு வாரத்தைக்கூட வெட்டச் சொல்லாதீர்கள்.