அந்த டேப்பை மாற்றுங்களேன்
பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளைத் தபாலில் மாற்றிக்கொள்பவர்கள், டாப்லோடர் (அட்டையைச் செருகி வைக்கும் கெட்டியான பிளாஸ்டிக் உறை) வாயில் செலோடேப்பை ஏன்தான் இப்படி இழுத்து ஒட்டுகிறார்களோ! உரித்தால் பசை பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடுகிறது. அட்டையை வெளியே எடுக்கும்போது அந்தப் பிசுக்கு மூலையைப் பிடித்துக்கொள்ளும். போச்சு, மூலை வெளுத்துவிடும். பெயின்டர்கள் ஒட்டும் நீல டேப் போதுமே! ஒரு நுனியை அரை அங்குலம் மடித்துவிட்டால் நகம் வைக்காமலே வந்துவிடும். உள்ளே மெல்லிய உறை போடாமல் விட்டால் அட்டை உரசிக் கீறல் விழும்.

இன்னொரு கொடுமை, டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட அட்டையை இன்றைய அளவு டாப்லோடரில் திணிப்பது. அது 2⅝ × 3¾ அங்குலம். இன்றையது 2½ × 3½. எப்படி நுழையும்?

டாப்லோடரை வெறும் கடித உறையில் போடாதீர்கள். வளையாது, தபால் எந்திரத்தில் சிக்கி உறை கிழியும். உள்ளே காற்றுக்குமிழிப் பிளாஸ்டிக் பதித்த குமிழி உறையில் அனுப்புங்கள், ஐயா!