எதிரில் நின்றவனும் அறுபது கிலோதான்

கிக்பாக்ஸிங்கில் வெண்கலம் வாங்கி வந்த நம்ம கடலூர்ப் பையனுக்கு மஞ்சக்குப்பத்தில் நடந்த பாராட்டு விழா வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இன்று காலையும் அதையே ஸ்டேட்டஸில் வைத்துச் சிரிக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

"இன்டர்நேஷனல் கிக்பாக்ஸிங்காம்! தேவனாம்பட்டினத்துல கடல் காத்து அடிச்சா பறந்துடுவான் போலிருக்கே!" என்று ஒல்லியான அவனைப் பார்த்து ஓர் அண்ணன் மைக்கில் சொல்ல, கூட்டம் சிரித்தது. பையனும் சிரித்தான். மேடையில் நின்றுகொண்டு வேறென்ன செய்வான்?

அண்ணே, அவன் ஆடியது 60 கிலோ பிரிவு. 57-க்கு மேல், 60-க்குள். எதிரில் நின்றவனும் அதே எடைதான். உங்களைப் போலத் தொண்ணூறு கிலோ ஆள் யாரும் பாவம் பார்த்து அவனிடம் அடி வாங்கிக்கொண்டு போகவில்லை.

"மூணு ரவுண்டு, ரெண்டு ரெண்டு நிமிஷம், அவ்வளவுதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மொட்டை மாடிக்குப் போய் இரண்டு நிமிடம் விடாமல் காற்றை உதைத்துப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

லோ-கிக் என்ற கிக்பாக்ஸிங் வகையில் எதிராளியின் தொடையிலேயே உதைக்கலாம். சில்வர் பீச் மணலில் நானும் கொஞ்ச காலம் பழகியவன்தான். என்னைவிடக் குள்ளமான ஒரு பையன் ஒரு சாயங்காலம் தொடையில் ஒன்று வைத்தான். அவன் காலில் அடியைத் தணிக்கும் ஷின் கார்டு உறை வேறு. மறுநாள் டவுன் பஸ் படியில் கால் ஏறவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறினேன். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காலையிலேயேவா சார்?" என்றார்.

"அரையிறுதியில தோத்தா ரெண்டு பேருக்கும் வெண்கலம், இதுல என்ன பெருமை?" குத்துச்சண்டையிலும் அப்படித்தான். 2008 பெய்ஜிங்கில் விஜேந்தர் சிங், 2012 லண்டனில் மேரி கோம், இருவரும் அரையிறுதியில் தோற்று வெண்கலம் வாங்கியவர்கள்தான். அப்போது பட்டாசு வெடித்தீர்களே!

ஆளுக்கொரு சங்கம், ஆளுக்கொரு 'உலக சாம்பியன்' ஃபிளெக்ஸ் என்பதும் உண்மைதான். கிக்பாக்ஸிங் ஒலிம்பிக்கில் இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் வாகோ என்ற உலக கிக்பாக்ஸிங் அமைப்புக்கு 2021-லேயே சர்வதேச ஒலிம்பிக் குழு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. சரி, அதை விடுங்கள். எந்தச் சங்கம் நடத்தினாலும் எதிரில் நிற்பவன் அறுபது கிலோதான், அவன் உதைத்தால் வலிக்கத்தான் செய்யும்.

இங்கே ஒல்லியாக இருந்தால் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். நானும் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டவன். 60 கிலோவைத் தாண்டிவிடக் கூடாதென்று, எடை பார்ப்பதற்கு முந்தின நாள் இந்தப் பையன் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பியதை நான் பார்த்தேன். ஒரு மிடறுகூட விழுங்கவில்லை. கிளம்புவதற்கு முந்தைய வாரமெல்லாம் அவன் அம்மா, "மீன் கொழம்ப தொடவே மாட்டேங்குது புள்ள" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார், ஏதோ நான்தான் சொல்லிக்கொடுத்த மாதிரி.

விமான டிக்கெட்டுக்கு அவர் வளையல் அடகுக்குப் போனது. அன்றைக்கு உங்களில் ஒருவரையும் காணோம். திரும்பி வந்ததும் சால்வை போட மட்டும் மேடை கொள்ளாத கூட்டம். வளையல் இன்னும் கடையில்தான் இருக்கிறது, வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்கும் ஒரு ஜோக் இருந்தால் மைக்கில் சொல்லுங்கள் அண்ணே.