கணக்கில் வராத நடை

சேலத்தில் நடந்தும் சைக்கிளிலும் செல்வதால் கிடைக்கும் உடல்நலப் பயனைப் பற்றிய ஒரு கட்டுரை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பயண அட்டவணையை ஆதாரமாகக் கொள்கிறது. விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர் ஆகியோரை விட்டுவிட்டு மற்றத் தொழிலாளர் வேலைக்குச் செல்லும் பயணத்தை மட்டுமே அது அளக்கிறது என்பதையும் கட்டுரை சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சேலத்தைப் பொறுத்தவரை இது சிறிய விடுபடல் அன்று. அம்மாப்பேட்டையில் வீட்டிலேயே தறி போட்டிருப்பவரும், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டில் கொலுசு வேலை செய்பவரும் நூலுக்கும் கூலிக்கும் நடக்கிற நடை அதில் இல்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளி 'மற்றத் தொழிலாளர்' வகையில் வருவதால் அவர் நடை இருக்கிறது. அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் பிளஸ் ஒன் மாணவி பள்ளிக்குப் போவதும், உழவர் சந்தைக்குப் பெண்கள் நடந்து போவதும் வேலைப் பயணம் அல்லாததால் அவையும் இல்லை. ஒருவருக்கு ஒரே பயண முறைதான் குறிக்கப்படும் என்பதால், பேருந்தில் செல்பவர் நிறுத்தம் வரை நடப்பது பேருந்துக்குள்ளேயே மறைந்துவிடுகிறது.

உடல்நலப் பயனைக் கணக்கிடும்போது இந்த மறைந்த நடைதான் முக்கியம். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. போக 15, வர 15 நிமிடம் சற்று வேகமாக நடப்பவர் ஐந்து நாளில் அதை எட்டிவிடுகிறார், உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சந்தா கட்டாமலே. ஆனால் சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் ஈரடுக்கு மேம்பாலம் கட்டிய நமக்கு, அதன் கீழே சாலையைக் கடப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தோன்றுவதில்லை. மாநகராட்சி வார்டுவாரியாக, எல்லா வகைப் பயணங்களையும் கேட்டு ஒரு வீட்டுக் கணக்கெடுப்பு நடத்தினால், நடைபாதை எங்கே முதலில் வேண்டும் என்பதை அதைக்கொண்டே முடிவு செய்யலாம்.