பெயரை வெட்டிவிட்டு 'விழிப்புணர்வு'

ஒரு கல்லூரி போட்டிருக்கும் கையேட்டின் அட்டையை நேற்றே எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை. காரைக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. தலைப்பு 'டிஜிட்டல் எழுத்தறிவும் பதிப்புரிமை விழிப்புணர்வும்'. அட்டையில் ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் சிமெண்ட் தரை ஓடு) பதித்த ஒரு வளவு, அதாவது செட்டிநாட்டு வீட்டு முற்றம். விக்கிமீடியா காமன்ஸ் என்ற திறந்த படக் களஞ்சியத்தில் ஒருவர் சிசி பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் கொடுத்திருக்கும் படம். பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம், மாற்றினால் மாற்றியதையும் அதே உரிமத்தில் விட வேண்டும் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் அது. படம் பிடித்தவர் பெயர் எங்கும் இல்லை. படத்தின் குறுக்கே கல்லூரி முத்திரை. உள் அட்டையில் 'அனைத்து உரிமைகளும் கல்லூரிக்கே'. விழிப்புணர்வு!

"ஓப்பன்தானே அண்ணே, யாரும் எடுக்கலாமே?" என்கிறார்கள். எடுக்கலாம். அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். அவர் கேட்ட கூலி ஒரே ஒரு வரி: படம் பிடித்தவர் பெயர், மூலப் பக்கத்தின் சுட்டி, உரிமத்தின் பெயர், அதன் சுட்டி. ஓரத்தை வெட்டியிருந்தால் 'வெட்டப்பட்டது' என்று ஒரு சொல். அட்டையில் இடமில்லையென்றால் உள்பக்கத்தில் போடலாம். யோசித்து எழுதக்கூட வேண்டாம்; காமன்ஸில் தரவிறக்கும்போதே அந்த வரி நகலெடுக்கத் தயாராக வந்து நிற்கும். அதைத் தள்ளிவிட்டுப் படத்தை மட்டும் எடுக்கத்தான் தனியாகக் கை கூசாமல் இருக்க வேண்டும்.

"கூகுளில் கிடைத்தது" என்பது அடுத்த சமாதானம். வெள்ளைப் பணியாரம் யார் சுட்டது என்று கேட்டால் தட்டைக் காட்டுகிற கதை. படம் பிடித்தவர் பதிவு செய்திருக்கிறாரா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். ஐயா, பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமே இல்லை. படம் பிடித்த நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது.

"கல்விக்காகத்தானே, 52ஆம் பிரிவு இருக்கிறதே" என்பவர்களிடம்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(i), ஆசிரியரோ மாணவரோ பாடம் நடத்தும் போக்கில் நகலெடுப்பதை அனுமதிக்கிறது. விலை போட்டு விற்கிற புத்தகத்தின் அட்டை எந்த வகுப்பின் பாடம்?

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிரிவு உண்மையிலேயே கைகொடுக்கும் இடத்தில் இதே ஆட்கள் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். ஒரு பாடத்துக்குப் பரிந்துரைத்த நூலில் ஓர் அத்தியாயம் ஜெராக்ஸ் போடப் போன பெண்ணைக் கடைக்காரர், "டிபார்ட்மென்ட்ல லெட்டர் வாங்கிட்டு வாம்மா, கேஸாயிடும்னு சொல்லியிருக்காங்க" என்று திருப்பி அனுப்பினார். கேஸ் ஏற்கெனவே ஆகி முடிந்துவிட்டது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் என்ற மூன்று பதிப்பாளர்களும் டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டார்கள். பாடம் நடத்தத் தேவையான அளவுக்கு நகலெடுத்துத் தொகுத்துக் கொடுக்கலாம் என்று 2016இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. 2017இல் பதிப்பாளர்களே வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். செய்யலாம் என்று இருப்பதைச் செய்யாதே என்கிறோம், செய்யக்கூடாததை அட்டையிலேயே செய்கிறோம். இதற்கு ஒரு கையேடு!

ஒரு நண்பர் நறுக்கென்று கேட்டார்: "அந்தக் கல்லைச் செய்தவர் பெயரை மட்டும் யார் போட்டார்கள்?" கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாய்ச் சாயச் சிமெண்டை ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்ட கைகள். போடவில்லைதான். படம் எடுத்தவரும் போடவில்லை. இதற்கு என்னிடம் பதில் கிடையாது. ஆனால் ஒருவர் பெயர் விட்டுப்போனது இன்னொருவர் பெயரை அழிக்க லைசன்ஸ் ஆகாது.

"அவருக்கும் விளம்பரம்தானே" என்று எழுதியவரே, பெயரே போடாமல் யாருக்கு விளம்பரம்? உங்கள் கட்டுரையில் உங்கள் பெயர் இரண்டாவதாக வந்ததற்கு ஒரு மாதம் பேசாமல் இருந்தீர்களே, நினைவிருக்கிறதா?

கையேடு முழுவதையும் திறந்த உரிமத்தில் விடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. உரிமத்தின் பெயரில் இருக்கும் எஸ்ஏ, அதாவது 'அதே உரிமத்தில் விடு' என்ற நிபந்தனை, அந்தப் படத்தையும், அதை மாற்றிச் செய்ததையும்தான் கட்டுப்படுத்தும். மீறினால் உரிமம் தானாகவே ரத்து. மீறல் தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் அதுவும் தானாகவே திரும்பக் கிடைத்துவிடும். இவ்வளவு தாராளமாக எந்தப் பதிப்பாளர் கொடுப்பார்? கல்லூரிக்காரர்களே, உங்களுக்கு நேற்றே தெரிவித்தாயிற்று. பிடிஎஃப்பில் ஒரு வரி சேர்க்கப் பத்து நிமிடம். அச்சாகிப் போன பிரதிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டலாம். காரைக்குடியில் அச்சகத்துக்கா பஞ்சம்?