அமெரிக்காவில் எந்த நர்ஸும் கிளினிக் திறக்கலாமா?

"அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் இருந்தால் போதும், டாக்டரே இல்லாமல் சொந்த கிளினிக் நடத்தலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

சாதாரண நர்ஸ் உரிமத்தை வைத்து அங்கே நோயைக் கண்டறிந்து மருந்து எழுத முடியாது. முதுகலையோ அதற்கு மேலோ படித்து, தேசிய அளவிலான தேர்வில் தேறிய 'நர்ஸ் பிராக்டிஷனர்' போன்றவர்களுக்குத்தான் அந்த உரிமை. சரி, அவர்களாவது எங்கும் தனியாக நடத்தலாமா? மாநிலத்தைப் பொறுத்தது. அரிசோனா, நியூ மெக்சிகோ, ஓரிகனில் நடத்தலாம். டெக்சாஸில் மருந்து எழுத ஒரு டாக்டரோடு எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும். இதற்காக டாக்டருக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களும் உண்டு. வாட்ஸ்அப் தகவல் வசதியாக விட்டுவிட்ட செலவு இது! கலிஃபோர்னியா 2020-இல் சட்டம் இயற்றி வழிவிட்டது, ஆனால் பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகே.