அலை விசுவாசத்தை அளப்பதில்லை
'விசுவாசம் குறைந்த வீட்டில்தான் துன்பம் நீடிக்கும்' என்று இங்கே வந்த கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் தேவாலயமும் போனது, ரயில் நிலையமும் போனது. அலை யாருடைய விசுவாசத்தையும் அளந்து பார்க்கவில்லை. லூக்கா நற்செய்தி 13-இல், சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார். (அதே மூச்சில் மனம் திரும்பவும் சொல்கிறார், அது தனிப் பேச்சு.) பாம்பனில் எங்கள் மாமா கடலில் மீன்பிடிக்கப் போய், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில் இலங்கைச் சிறையில் இருந்தபோது, ஜெபிக்க வந்த ஒருவர் "வீட்டுல ஏதோ பாவம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை அதன்பிறகு கோயிலுக்குப் போகவே கூசினார். பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலம் வந்து கூட உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார், சட்டியில் குழம்பு வைத்துவிட்டுப் போவார், அறிவுரை கிடையாது. அத்தையைத் தூக்கி நிறுத்தியது அதுதான். பைபிளில், எல்லாம் இழந்து நின்ற யோபைப் பார்க்க வந்த நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. மேலே பின்னூட்டத்தில் ஒருவர், விசுவாசத்துக்காக உயிர்விட்ட ஓரியூர் அருளானந்தரைக் காட்டி, துன்பமே வரம் என்கிறார். 1693-இல் அவர் தெரிந்தே ஏற்ற சாவு அது. படகு டீசல் கடனோடு கரையில் நிற்கும் பெண் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.